பேய் நகரம் அல்ல, நம் ஊர்!

ராமேசுவரத்துக்குப் போகிறவர்கள் கோவிலில் தீர்த்தம் ஆடுகிறார்கள். சுவாமி தரிசனம் செய்கிறார்கள். பிறகு ஒரு வேனைப் பிடித்துத் தனுஷ்கோடிக்குப் போகிறார்கள்.

அங்கே இடிந்த சுவர்கள் நிற்கின்றன. கூரை இல்லாத மாதா கோவில் நிற்கிறது. அதன் முன்னால் குடும்பத்தோடு நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஊருக்குத் திரும்பியதும், "பேய் நகரத்தைப் பார்த்துவிட்டு வந்தோம்" என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள்.

பேய் நகரமா?

அந்த ஊரில் பள்ளிக்கூடம் இருந்தது. ஆஸ்பத்திரி இருந்தது. தபால் ஆபீஸ் இருந்தது. ரெயில் வந்தது. கப்பல் வந்தது. தாய்மார்கள் தொட்டில் கட்டிப் பிள்ளைகளைத் தூங்க வைத்தார்கள். ஒரே இரவில் கடல் வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விட்டது.

நம்மைப்போல் வாழ்ந்து, நம்மைப்போல் தூங்கப் போன ஜனங்களின் ஊருக்குப் "பேய் நகரம்" என்று பெயர் வைப்பது சரிதானா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல, அந்த ஊரின் கதையை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

வில்லின் முனை

ராமேசுவரம் ஒரு தீவு. அந்தத் தீவின் தென்கிழக்கில், ஒரு நீண்ட மணல் வால் கடலுக்குள் நீட்டிக்கொண்டு போகிறது. அந்த வாலில், ராமேசுவரத்திலிருந்து சுமார் 18 கிலோமீட்டர் தூரத்தில் இருந்த ஊர்தான் தனுஷ்கோடி.

தனுசு என்றால் வில். கோடி என்றால் முனை. இலங்கைக்குக் கட்டிய சேதுவை ராமபிரான் தம் வில்லின் முனையால் உடைத்த இடம் இது என்று புராணம் சொல்கிறது. அதனால் இந்தப் பெயர். காசிக்குப் போய்வந்த யாத்ரீகர்கள் சேதுவிலும் நீராடினால்தான் யாத்திரை பூர்த்தியாகும் என்பது நெடுநாள் நம்பிக்கை.

இந்த மணல் வாலுக்கு இரண்டு பக்கமும் கடல். வடக்குப் பக்கம் அலை அடங்கி இருக்கும். மீனவர்கள் அதைப் "பெண் கடல்" என்கிறார்கள். தெற்குப் பக்கம் மன்னார் வளைகுடா. அங்கே அலை சீறும். அதை "ஆண் கடல்" என்கிறார்கள். நடுவில் உள்ள மணல் திட்டு சில இடங்களில் மிகவும் குறுகலானது. ஒரு கடலின் கரையில் நின்றால் மற்றக் கடலின் ஓசை காதில் விழும்.

ரெயில் வளர்த்த ஊர்

தனுஷ்கோடியைப் பெரிய ஊர் ஆக்கியது ரெயில்தான்.

1914-ம் ஆண்டு பிப்ரவரி 24-ந் தேதி பாம்பன் ரெயில் பாலம் திறக்கப்பட்டது. இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். கப்பல் வந்தால் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து மேலே தூக்கிக்கொள்ளும். அந்தக் காலத்தில் அது பெரிய அதிசயம்.

பாலத்தைத் தாண்டிய ரெயில் பாதை, பாம்பனில் இரண்டாகப் பிரிந்தது. ஒரு கிளை ராமேசுவரம் போயிற்று. மற்றது நேராகத் தனுஷ்கோடி போயிற்று.

"போட் மெயில்" என்ற பெயரை நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். போட் என்றால் படகு. படகோடு சேர்ந்த ரெயில் அது. சென்னை எழும்பூரில் ஒரே டிக்கெட் வாங்கினால் போதும். கொழும்பு வரை போகலாம்! தனுஷ்கோடி துறைமுகத்தில் ரெயிலை விட்டு இறங்கிக் கப்பலில் ஏறவேண்டும். சுமார் 30 கிலோமீட்டர் கடலைக் கடந்தால் தலைமன்னார். அங்கே இலங்கை ரெயில் காத்து நிற்கும். "இர்வின்", "கோஷென்" என்ற நீராவிக் கப்பல்கள் இந்தக் கடலில் பல ஆண்டுகள் ஓடின.

ஜவுளி மூட்டையோடு வியாபாரிகள் போனார்கள். கருவாடும் மீனும் ரெயில் ஏறி வெளியூர்களுக்குப் போயின. எல்லாரையும்விட அதிகமாகப் போனவர்கள் ஏழைத் தொழிலாளர்கள்.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போன ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் இந்த வழியாகத்தான் கடல் தாண்டின. மண்டபம் முகாமில் அவர்களைத் தங்க வைத்து, நோய் இருக்கிறதா என்று சோதித்துப் பார்த்த பிறகே அனுப்பினார்கள். கையில் ஒரு மூட்டை, இடுப்பில் ஒரு குழந்தை. தாய்நாட்டில் அவர்கள் கடைசியாக மிதித்த மண் தனுஷ்கோடி மண்தான்.

இவ்வளவு பேர் வந்து போகும் இடத்தில் ஊர் வளராமல் இருக்குமா? ரெயில் நிலையம், ரெயில்வே ஊழியர் குடியிருப்பு, கஸ்டம்ஸ் ஆபீஸ், தபால் ஆபீஸ், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், மாதா கோவில், பிள்ளையார் கோவில், கடைகள், தங்கும் விடுதிகள் எல்லாம் எழுந்தன. பல கட்டடங்களுக்குப் பக்கத்துக் கடலில் கிடைத்த பவழப் பாறைக் கல்லையே உபயோகித்தார்கள்.

அந்த இரவு

1964-ம் ஆண்டு டிசம்பர் மாதம். மார்கழிக் குளிர். கிறிஸ்துமசுக்கு மூன்று நாள்தான் இருந்தது.

டிசம்பர் 17-ந் தேதி அந்தமான் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாயிற்று. அது நாளுக்கு நாள் வலுத்து, பெரும் புயலாயிற்று. 22-ந் தேதி இலங்கையின் வடபகுதியைத் தாக்கியது. அன்று இரவே பாக் ஜலசந்திக்குள் புகுந்து தனுஷ்கோடியின் மேல் பாய்ந்தது. காற்றின் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டியது.

காற்று மட்டும் வந்திருந்தால் கூரைகள் போயிருக்கும். சுவர்கள் மிஞ்சியிருக்கும். கடலும் சேர்ந்து வந்தது. சுமார் 20 அடி உயரத்துக்குத் தண்ணீர் எழும்பி ஊருக்குள் நுழைந்தது.

புயல் கடல் நீரைத் தன் முன்னால் தள்ளிக்கொண்டு வரும். ஆழமான கடலில் அந்த நீர் அடியில் இறங்கிப் பரவிவிடும். பாக் ஜலசந்தி ஆழம் குறைந்த கடல். அங்கே நீருக்குக் கீழே போக இடம் இல்லை. அதனால் மேலே எழும்பிக் கரைமேல் ஏறிவிடும். தனுஷ்கோடியோ கடல் மட்டத்துக்குக் கொஞ்சமே உயர்ந்த மணல் திட்டு. ஓடி ஏற ஒரு மேடு கிடையாது. எந்தப் பக்கம் ஓடினாலும் கடல்தான்!

அதே இரவில் ஒரு ரெயிலும் அந்த மணல் வாலில் வந்துகொண்டிருந்தது. 653-ம் நம்பர் பாசஞ்சர். இரவு 11 மணி 55 நிமிடத்துக்குப் பாம்பனை விட்டுப் புறப்பட்டது. ரெயில்வே கணக்குப்படி அதில் 110 பிரயாணிகளும் 5 ஊழியர்களும் இருந்தார்கள்.

தனுஷ்கோடிக்கு அருகே சிக்னல் விளக்கு எரியவில்லை என்றும், டிரைவர் சற்று நேரம் காத்திருந்துவிட்டு, ஊதல் ஊதியபடி ரெயிலை மெல்ல நகர்த்தினார் என்றும் சொல்லப்படுகிறது. அந்தச் சமயத்தில் பேரலை வந்து மோதியது. ரெயில் பெட்டிகள் கடலோடு போயின. 115 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களும் இருந்திருக்கலாம் என்பதால், இறந்தவர்கள் இன்னும் அதிகம் என்று சொல்வோர் உண்டு.

இந்தியாவிலும் இலங்கையிலுமாக அந்தப் புயலில் இறந்தவர்கள் சுமார் 1,800 பேர்.

பொழுது விடிந்தபோது தந்திக் கம்பி இல்லை. ரெயில் பாதை இல்லை. தனுஷ்கோடியில் என்ன நடந்தது என்று வெளி உலகத்துக்குச் சொல்ல வழியும் இல்லை.

பாலம் எழுந்தது, ஊர் எழவில்லை

பாம்பன் பாலமும் தப்பவில்லை. அதன் 145 இரும்புத் தூலங்களில் 126 கடலில் விழுந்துவிட்டன. பாலத்தைச் சீர்செய்ய ஆறு மாதம் ஆகும் என்றார்கள். அந்த வேலையை ஸ்ரீதரன் என்ற இளம் என்ஜினீயரிடம் ஒப்படைத்தார்கள். கடலில் விழுந்த தூலங்களைத் தேடி எடுத்து, மறுபடியும் தூக்கி நிறுத்தினார்கள். 46 நாளில் பாலத்தில் ரெயில் ஓடியது! பிற்காலத்தில் டெல்லி மெட்ரோ ரெயிலை அமைத்துப் புகழ் பெற்ற ஈ.ஸ்ரீதரன்தான் அவர்.

ஆனால் தனுஷ்கோடிக்கு ரெயில் திரும்பவில்லை. ஜனங்கள் வாழத் தகுதி இல்லாத இடம் என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது. ரெயில் ராமேசுவரத்தோடு நின்றது.

இலங்கைக் கப்பலும் அதன்பின் ராமேசுவரத்திலிருந்தே புறப்பட்டது. புயலுக்கு இரண்டு மாதம் முன்பு, 1964 அக்டோபர் 30-ந் தேதி, பிரதமர் லால்பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயகாவும் ஒரு ஒப்பந்தம் செய்திருந்தார்கள். மலையகத் தமிழர்களில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பது என்று முடிவாயிற்று. தாத்தா காலத்தில் தனுஷ்கோடி வழியாகப் போன குடும்பங்களின் பேரப் பிள்ளைகள் ராமேசுவரம் துறையில் வந்து இறங்கினார்கள். 1980-களில் இலங்கையில் கலவரமும் போரும் மூண்ட பிறகு அந்தக் கப்பலும் நின்றுபோயிற்று.

தண்டவாளத்தின் தடம் பிடித்து

நண்பர்கள் மூன்று பேரோடு நாம் இந்த இடத்துக்கு நடந்தே போனோம். ஒருவர் பள்ளி ஆசிரியர். ஒருவர் ரெயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூன்றாமவர் புகைப்படக்காரர்.

2017-ம் ஆண்டு ஜூலை மாதம் தனுஷ்கோடி வழியாக அரிச்சல்முனை வரை தார்ச் சாலை திறக்கப்பட்டது. அதற்கு முன்பு மணலில் ஓடும் வேனும் ஜீப்பும்தான் துணை. இப்போது பஸ்சே போகிறது. இருந்தாலும், காலையில் முகுந்தராயர் சத்திரத்தில் இறங்கி நடக்கத் தொடங்கினோம். அங்கிருந்து பழைய ஊருக்கு 5 கிலோமீட்டர்தான்.

வேனில் போகிறவர்களுக்கு இந்த இடம் பத்து நிமிடம். நடந்து போனால்தான் அதன் நீளம் காலுக்குத் தெரிகிறது. இரண்டு பக்கமும் தண்ணீர். நிழலுக்கு ஒரு மரம் அபூர்வம். நடுச்சாமத்தில், புயலில், இந்த வழியாக ஒரு ரெயில் வந்தது என்று நினைத்தபோது எங்களுக்குள் பேச்சு நின்றுவிட்டது.

ரெயில்வே நண்பர்தான் பழைய பாதையின் தடத்தைக் காட்டினார். "இந்த மண்மேடு தானாக உண்டானது அல்ல. ஆட்கள் கூடையில் மண் சுமந்து போட்டது. இதன் மேல்தான் கட்டை அடுக்கித் தண்டவாளம் போட்டிருப்பார்கள்" என்றார். சில இடங்களில் மேடு தெரிந்தது. சில இடங்களில் மணல் மூடிவிட்டது.

பழைய ஊருக்குள் ரெயில் நிலையத்தின் சுவர்கள் நிற்கின்றன. ஒரு வளைவு வழியாகப் பார்த்தால் மறுபக்கத்து வளைவு தெரிகிறது. அதற்கு அப்பால் வானம்தான். பக்கத்தில் தண்ணீர்த் தொட்டியைத் தாங்கிய தூண்கள். நீராவி என்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்காமல் ரெயில் திரும்ப முடியாது அல்லவா? நல்ல தண்ணீருக்குக் கஷ்டமான இந்த மணலில் அதற்கும் வழி செய்திருந்தார்கள்.

மாதா கோவிலில் சுவர் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. பவழக் கற்கள் வெளியே தெரிகின்றன. கையால் தொட்டால் உப்பும் சுண்ணாம்பும் பொடியாக உதிர்கின்றன.

அங்கே ஒரு பையன், பன்னிரண்டு வயது இருக்கும், சாவியால் சுவரில் தன் பெயரைக் கீறிக்கொண்டிருந்தான். அவன் தகப்பனார் பக்கத்திலேயே நின்றார்.

ஆசிரியர் நண்பருக்குப் பொறுக்கவில்லை. "தம்பி, உங்க வீட்டுச் சுவரில் யாராவது வந்து இப்படிக் கீறினால் சும்மா இருப்பாயா?" என்று கேட்டார்.

பையன் கையை எடுத்துக்கொண்டான். தகப்பனார்தான் பதில் சொன்னார்: "இது யார் வீடும் இல்லையே சார்!"

சங்கு மாலையும் சிப்பியும் விற்றுக்கொண்டிருந்த ஒரு பாட்டி இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். "அப்படிச் சொல்லாதீங்க தம்பி. எங்க அம்மாவுக்கு இந்தக் கோவில்லதான் ஞானஸ்நானம் ஆச்சு" என்றார். குரலில் கோபம் இல்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்.

அந்தத் தகப்பனாரும் கெட்டவர் அல்ல. அவர் முகம் வாடிவிட்டது. "தெரியாம சொல்லிட்டேன்மா" என்றார். பையன் தன் உள்ளங்கையால் சுவரைத் துடைத்துப் பார்த்தான். கல்லில் கீறியது துடைத்தால் போகுமா?

பாட்டியின் குடிசை பக்கத்தில்தான். மணலில் தோண்டிய ஊற்றிலிருந்து எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். நாலு பக்கமும் உப்புக் கடல். நடுவில் கொஞ்சம் தோண்டினால் குடிக்கும் தண்ணீர்! மழை நீர் மணலுக்குள் இறங்கி, உப்பு நீருக்கு மேலே தங்கி நிற்பதால் இது கிடைக்கிறது. ஆழமாகத் தோண்டினால் உப்பு வந்துவிடும். எவ்வளவு தோண்டலாம் என்ற கணக்கு அங்கே வாழ்கிறவர்களுக்கு அத்துபடி.

யார் வீடும் இல்லையா?

"யார் வீடும் இல்லை" என்று அந்தத் தகப்பனார் சொன்னார். அவரைப் போலத்தான் நம்மில் பலரும் நினைக்கிறோம். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாததால் வந்த நினைப்பு இது. "பேய் நகரம்" என்ற பெயரும் இதற்குத் துணை போகிறது.

ஒரு இடத்தைப் பேய் நகரம் என்று சொல்லிவிட்டால், அங்கே வாழ்ந்தவர்கள் மறைந்துவிடுகிறார்கள். ரெயில் நிலையத்தில் மணி அடித்தவர், ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தவர், பள்ளியில் பாடம் சொன்னவர் எல்லாரும் போய், வெறும் பயமும் வேடிக்கையும்தான் மிஞ்சுகின்றன. பயம் காட்டும் இடத்தில் சுவர் ஏறிக் குதிக்கலாம், பெயர் கீறலாம், கல்லைப் பெயர்த்துப் பையில் போட்டுக்கொள்ளலாம் என்று தோன்றிவிடுகிறது. மயானத்தில் யாராவது அப்படிச் செய்வார்களா?

இன்னொன்றும் உண்டு. தனுஷ்கோடி காலியான இடம் அல்ல. வாழத் தகுதி இல்லை என்று அறிவித்த பிறகும் மீனவக் குடும்பங்கள் அங்கே ஓலைக் குடிசைகளில் வாழ்கின்றன. வலை இழுக்கிறார்கள். மீன் காயப்போடுகிறார்கள். பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள். "வேறு இடம் போகக்கூடாதா?" என்று கேட்டோம். "கடல்தானே தம்பி சோறு போடுது. கடலை விட்டுட்டு எங்க போக?" என்றார் பாட்டி.

அவர்களுடைய வாசலில் நின்றுகொண்டு "பேய் நகரம்" என்று கத்துவது அவர்கள் காதில் எப்படி விழும் என்று யோசித்துப் பாருங்கள்.

புயல் சொன்ன பாடம்

தனுஷ்கோடியின் சுவர்கள் வெறும் சோகக் கதை சொல்லவில்லை. ஒரு பாடமும் சொல்கின்றன.

பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள் என்று பத்திரிகையில் படிக்கிறோம். ஒன்றாம் எண், மூன்றாம் எண் என்று போட்டிருக்கும். பலர் அதைப் படித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். எண் ஏற ஏற ஆபத்து நெருங்குகிறது என்று பொருள். உச்சமான 11-ம் எண், வானிலை நிலையத்தோடு தொடர்பே அறுந்துபோயிற்று என்பதைக் குறிக்கும்.

1964-ல் இந்தியாவுக்கு என்று வானத்தில் துணைக்கோள் கிடையாது. 1983-ம் ஆண்டு இன்சாட் 1பி துணைக்கோளை அனுப்பிய பிறகு, கடலில் உருவாகும் புயலை மேலிருந்தே தொடர்ந்து படம் பிடிக்க முடிந்தது. இப்போது எந்தப் புயல் எங்கே கரை கடக்கும் என்று சில நாள் முன்பே சொல்லுகிறார்கள்.

ரெயில்வேயும் பாடம் கற்றது. பாம்பன் பழைய பாலத்தில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி வைத்தார்கள். காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிவப்பு விளக்கு தானாக விழும். அந்த விளக்கு அணையும்வரை ரெயில் போகாது. 1964-ல் 653-ம் நம்பர் பாசஞ்சருக்கு அப்படி ஒரு விளக்கு இருந்திருந்தால்!

எச்சரிக்கை வந்தால் மட்டும் போதுமா? அதைக் கேட்டு நடக்கவும் வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது, கரையோர ஜனங்களைப் பல்லாயிரக்கணக்கில் முன்கூட்டியே முகாம்களுக்கு அழைத்துப் போனார்கள். அப்படியும் உயிர்ச்சேதம் ஏற்பட்டது. தென்னந்தோப்புகள் சாய்ந்தன. அழைத்துப் போகாமல் இருந்திருந்தால் சேதம் எங்கே போய் நின்றிருக்கும்! "ஆடு மாடு இருக்கிறது, வீட்டை விட்டு வரமாட்டேன்" என்று அடம் பிடிக்கும் பெரியவர்கள் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. அவர்களுக்குத் தனுஷ்கோடிக் கதையைச் சொல்ல வேண்டும்.

போகிறவர்கள் கவனிக்க

தனுஷ்கோடிக்குப் போக வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அவசியம் போங்கள். பிள்ளைகளோடு போங்கள். ஆனால் சில விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சுவர்களின் மேல் ஏறாதீர்கள். அறுபது வருஷமாக உப்புக் காற்றில் அரித்துப்போன கல் அது. எந்த நேரத்தில் சரியும் என்று சொல்ல முடியாது. ஏறுகிற பிள்ளைக்கும் ஆபத்து. சுவருக்கும் ஆபத்து.

சுவரில் பெயர் எழுதாதீர்கள். கல்லோ பவழமோ எடுத்து வராதீர்கள். உயிருள்ள பவழமானாலும் கரையில் ஒதுங்கிய பவழமானாலும் எடுப்பது சட்டப்படி குற்றம்.

அரிச்சல்முனையில் இறங்கிக் குளிக்காதீர்கள். இரண்டு கடலும் சேரும் இடம். நீரோட்டம் ஆளை இழுத்துவிடும்.

போலீசார் சொல்கிற நேரத்துக்குள் திரும்பிவிடுங்கள். குடிக்கத் தண்ணீரும் தலைக்குத் துணியும் கொண்டு போங்கள். கொண்டுபோன காகிதத்தையும் பிளாஸ்டிக் பையையும் திரும்ப எடுத்து வாருங்கள். குளிர் காலத்தில் பூநாரைகள் வந்து இறங்கும் இடம் இது. 2025-ம் ஆண்டு தமிழக அரசு இந்தப் பகுதியில் பூநாரைச் சரணாலயம் அறிவித்திருக்கிறது.

தனுஷ்கோடியில் கைவிடப்பட்ட பாதையில் நடக்கலாம். ஆனால் ரெயில் ஓடும் பாதையிலோ பாலத்திலோ ஒருபோதும் நடக்காதீர்கள். படம் எடுப்பதற்காகத் தண்டவாளத்தில் நின்று உயிரை விட்டவர்கள் எத்தனையோ பேர்.

கடைசியாக ஒன்று. அங்கே மீன் வறுத்து விற்கிறவர்களிடமும் சங்கு விற்கிறவர்களிடமும் இரண்டு வார்த்தை பேசுங்கள். எந்தச் சுவர் எந்தக் கட்டடம் என்று அவர்களைக் கேளுங்கள். எந்தப் புத்தகத்தையும்விட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அரசாங்கம் செய்ய வேண்டியது

2025 ஏப்ரல் 6-ந் தேதி புதிய பாம்பன் ரெயில் பாலம் திறக்கப்பட்டது. கப்பல் வந்தால் நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே போகிறது. பழைய பாலம் ஓய்வு பெற்றது. தனுஷ்கோடிக்கு மறுபடியும் ரெயில் விடுவதற்காக 2019 மார்ச் மாதம் அடிக்கல் நாட்டினார்கள். ரெயில் வரட்டும் என்பவர்கள் இருக்கிறார்கள். அந்த மென்மையான மணல் திட்டு தாங்காது, பறவைகளும் கடல் உயிர்களும் கெடும் என்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பக்கமும் நியாயம் உண்டு.

அந்த வழக்கு முடியும்வரை சுவர்கள் காத்திருக்குமா? ஒவ்வொரு மழைக்காலமும் கொஞ்சம் கொஞ்சமாக அவற்றைத் தின்கிறது. புதிதாக வண்ணம் பூசி அழகுபடுத்தச் சொல்லவில்லை. விழாமல் முட்டுக் கொடுத்தால் போதும். சுற்றிலும் ஒரு எளிய வேலி போட்டால் போதும்.

ஒவ்வொரு கட்டடத்தின் முன்னாலும், எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்களுக்கும் புரியும்படி, பெரிய எழுத்தில் ஒரு பலகை வேண்டும். "இது பள்ளிக்கூடம்." "இது ஆஸ்பத்திரி." "இது ரெயில் நிலையம். 653-ம் நம்பர் ரெயில் இங்கேதான் வந்து சேர வேண்டியிருந்தது." இவ்வளவு எழுதினால் போதும். படித்தவன் சாவியை எடுத்துச் சுவரில் கீறமாட்டான்.

இறந்தவர்களில் தெரிந்தவரையில் எல்லாருடைய பெயரையும் திரட்டிக் கல்லில் பொறிக்க வேண்டும். இதற்கு அதிக நாள் இல்லை. அந்த இரவை நினைவு வைத்திருக்கிறவர்களுக்கு இப்போது எழுபது வயது, எண்பது வயது. ராமேசுவரத்திலும் பாம்பனிலும் மண்டபத்திலும் உள்ள பள்ளிப் பிள்ளைகளே இந்த வேலையைத் தொடங்கலாம். ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு தாத்தா பாட்டியிடம் போய் உட்காரட்டும். "அந்த ரெயிலில் நம் தெருவிலிருந்து யார் போனார்கள்?" என்று கேட்டு எழுதட்டும்.

அங்கே வாழும் மீனவக் குடும்பங்களுக்கும் ஒரு வழி சொல்ல வேண்டும். ஓலைக் குடிசையில் இருக்கிறவர்களுக்குப் புயல் செய்தி முதலில் போய்ச் சேர வேண்டும். வண்டி வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு போக வேண்டும். வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்குச் சாலை போட்ட நாம், அங்கேயே இருக்கிறவர்களை மறந்துவிடக் கூடாது.

அந்த ஊருக்குப் பெயர் இருக்கிறது. தனுஷ்கோடி. அந்தப் பெயரைச் சொல்லியே கூப்பிடுவோம். சுவர்கள் நிற்கும்போதே பிள்ளைகளைக் கூட்டிப்போய், "இங்கே ஒரு பள்ளிக்கூடம் இருந்தது, உன்னைப்போல் பிள்ளைகள் படித்தார்கள்" என்று காட்டுவோம்.